நாலு குச்சியும் ஒரு எறும்பும்

லெஸ்டர் கதவைத் திறந்தபோது கேரவனைச் சுற்றி நாலு குச்சிகள் முளைத்திருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ரோஜா நிற நாடா. நேற்று இல்லை.

கூங்கரா ஊரில் ரோஜா நிற நாடாவுக்கு ஒரே அர்த்தம்தான். ரோடு வருகிறது. பழைய பள்ளிக்கூடத்தைச் சுற்றி இதே நாடாதான் ஆடியது. இப்போது அங்கே லாரிகள் திரும்புகின்றன.

ஊரின் பிரம்மாண்டமான கோதுமைக் குதிரில் முப்பது வருஷம் வேலை பார்த்ததற்கு லெஸ்டரிடம் மிஞ்சியது இந்தக் கேரவன் ஒன்றுதான். மூடிப்போன டென்னிஸ் மைதானத்துக்குப் பின்னால், உப்பு ஏரியின் உதட்டில், பன்னிரண்டு வருஷமாக நிற்கிறது. "இங்க நிறுத்திக்கோப்பா" என்று சொன்ன கவுன்சில் ஆள் செத்துப்போனார். காகிதம் எதுவும் இல்லை.

முதல் குச்சியைப் பிடுங்கக் குனிந்தான். காலில் தீ வைத்தது போல் இருந்தது.

பெருவிரலில் ஒரு எறும்பு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு அங்குல நீளம். சிவப்பு உடம்பு, கறுப்புப் பின்புறம், இடுக்கி மாதிரி தாடை. தாடையால் பிடித்துக்கொண்டு பின்னால் கொட்டும் ரகம். புல்டாக் எறும்பு. மற்ற எறும்புகள் மாதிரி மனுஷனைக் கண்டு ஓடாது. நின்று கண்ணைப் பார்க்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு டோரீன் தக்காளிச் செடிகளைக் கம்போடு கட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஒற்றைக் காலில் குதிப்பதைப் பார்த்தாள். அடுத்த செடிக்கு நகர்ந்தாள். இரண்டு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் வெள்ளை வெளேரென்று செய்த பாவ்லோவா கேக்கைப் பார்த்து, "இந்த உப்பு ஏரியை வெட்டியா எடுத்துட்டு வந்த?" என்று அவன் கேட்டுத் தொலைத்ததிலிருந்து.

நொண்டிக்கொண்டே கவுன்சில் அலுவலகத்துக்குப் போனான். ரோடு வேலைகளைப் பார்க்கும் நெவில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"ரோடா? ஃபைல்ல அப்படி எதுவும் இல்லையே, லெஸ்டர்."

"மறைக்காத, நெவில். டென்னிஸ் மைதானத்துலேருந்து ஏரி வரைக்கும் போடப்போறீங்க. என் கேரவன் நடுவுல."

நெவில் வாயைத் துடைத்துவிட்டு ஒரு காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தான். "டென்னிஸ் மைதானத்துலேருந்து ஏரிக்கா... நேரா வருது. நல்ல ரூட்டுதான்."

"பாத்தியா! ஒத்துக்கிட்ட!"

கால் பூசணிக்காய் ஆகிவிட்டது. இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துக் கிடந்தான். ஜன்னல் வழியே ஏரி வெள்ளையாக மூச்சு விட்டது. மத்தியான வெயிலில் கோதுமைக் குதிர்கள் தரையை விட்டுவிட்டு வானத்தில் தலைகீழாகத் தொங்கின. அவற்றின் மேல் எறும்புகள் ஒவ்வொன்றாக ஏறி, உச்சியில் நின்று அவனையே பார்த்தன. கனவா, கானலா, தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அதில்தான் யோசனை வந்தது.

வடக்கே ஒரு சுரங்கத்தை ஒரு அரிய தவளை நிறுத்தியதாகக் கேள்வி. தவளையால் முடிந்தது எறும்பால் முடியாதா?

ரொட்டியில் தடவும் வெஜிமைட் தீர்ந்த ஜாடியில் ஒரு எறும்பைப் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி, நகரத்து மியூசியத்துக்கு அனுப்பினான்.

பத்தாம் நாள் மியூசியத்திலிருந்து டாக்டர் கரிடிஸ் என்ற பெண் வந்து இறங்கினாள். அவள் கார் ஏரிக்கரைச் சேற்றில் புதைந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கேரவன் படிக்கட்டில் உட்கார்ந்து, லென்ஸைக் கண்ணில் வைத்து, எறும்பின் தாடைப் பற்களை எண்ணினாள். இடுப்புக் கணுக்களைப் பார்த்தாள். முதுகு மயிரைப் பார்த்தாள். பிறகு லென்ஸை இறக்கினாள்.

"இது என்னனு தெரியுமா உங்களுக்கு?"

"கடிக்கும்னு தெரியும்."

"உலகத்துல மொத்தமே மூணுதான் கிடைச்சிருக்கு. கடைசியா பாத்து அறுபது வருஷம் ஆச்சு. புத்து எங்க?"

லெஸ்டர் பெருமையாகக் காட்டினான். குச்சிக்குப் பக்கத்தில், கேரவன் சக்கரத்தை ஒட்டி, கூழாங்கல் தூவிய ஒரு மண்மேடு.

"அற்புதம். இனிமே இங்க ரோடு என்ன, ஒரு சைக்கிள்கூட வர முடியாது."

அவளைக் கட்டிப்பிடிக்கலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "புத்தைச் சுத்தி நூறு மீட்டருக்கு ஆள் குடியிருக்கக் கூடாது. நீங்க எப்ப காலி பண்ணுவீங்க?"

லெஸ்டர் மூன்று தடவை கண்ணைச் சிமிட்டினான்.

"இதுங்க இந்த இடத்துக்காரங்க இல்ல டாக்டர். சும்மா வந்து போறதுங்க. நான் பிடிச்சது கிரிக்கெட் மைதானத்துல."

"ரெண்டாவது இடமா?" அவள் வரைபடத்தை விரித்து இன்னொரு சிவப்புப் புள்ளி வைத்தாள். ஒரு புள்ளிதான் என்றால் ஆளை விரட்ட வேண்டும், இரண்டு என்றால் கொஞ்சம் யோசிக்கலாம் என்றாள். லெஸ்டருக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போனது.

மறுவாரம் கிரிக்கெட் மைதானத்தைக் கயிறு கட்டி அடைத்தார்கள். கேப்டன் மட்டையோடு வந்தான்.

"லெஸ்டர்! சனிக்கிழமை மேட்ச்! பிட்ச் நடுவுல ரெண்டு பேர் குப்புறப் படுத்துக்கிட்டு எறும்பு தேடுறாங்க!"

"கிடைச்சுதா?"

"நீ கிடைச்சா போதும்டா எனக்கு!"

அதனால் அடுத்த ஜாடியில் 'கல்லறைத் தோட்டம்' என்று எழுதினான். பாதிரியார் வந்து கத்தினார். அதற்கடுத்த ஜாடியில் 'குதிர்' என்று எழுதினான். கோதுமை லாரிகள் நின்றன. ஊரில் பாதிப் பேர் அவனைப் பார்த்தால் பியரை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்கள். ஊருக்குள்ளேயே எழுதினால்தானே வம்பு? லாரி டிரைவர்களிடம் ஜாடிகளைக் கொடுத்து, போகிற ஊர்களில் தபாலில் போடச் சொன்னான். நூறு கிலோமீட்டர், முந்நூறு கிலோமீட்டர். எல்லாம் அவன் சக்கரத்தடியில் பிடித்த அதே எறும்புகள்தான். கொட்டு வாங்கி வாங்கி, இரண்டு கையும் காலும் வீங்கி, மத்தியானங்களில் ஏரியும் வானமும் ஒன்றாகும் நேரத்தில், தானே மெல்ல மிதந்து போவதாக அவனுக்குத் தோன்றும். கீழே ஒரு பெரிய வரைபடம். அதில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக நடந்துகொண்டிருக்கும்.

ஆராய்ச்சியாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்த கார்கள் எல்லாம் வரிசையாகச் சேற்றில் புதைந்தன. நெவில்தான் டிராக்டர் கொண்டுவந்து இழுத்தான்.

கடைசியில் டாக்டர் கரிடிஸின் கடிதம் வந்தது.

'உங்கள் உழைப்புக்கு நன்றி. இந்த எறும்பு இவ்வளவு பரவலாக இருப்பது உங்களால்தான் தெரியவந்தது. ஆகவே இதை அரிய இனங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். தவிர, இத்தனை ஊர்களில் கிடைத்ததால், கிழக்கே வீட்டுக்கு வீடு இருக்கும் சாதாரண எறும்போடு மறுபடி ஒப்பிட்டோம். பல் எண்ணிக்கையில் ஒன்று கூடக்குறைய இருக்கிறது, அவ்வளவுதான். தனி இனமே இல்லை என்று முடிவு செய்து, அதோடு சேர்த்துவிட்டோம். பாதுகாப்பு எதுவும் தேவைப்படாது.'

லெஸ்டர் அதை இரண்டு தடவை படித்தான். சக்கரத்தடியில் ஒரு எறும்பு நின்று அவன் கண்ணைப் பார்த்தது.

"உன் சோலி முடிஞ்சுது" என்றான் அதனிடம். "என்னோடதும்."

திங்கட்கிழமை காலை மண் சமன் செய்யும் மெஷின் உறுமிக்கொண்டு வந்தது. பின்னால் நெவில், கையில் நீல நாடா கட்டிய ஒரு கட்டுக் குச்சி.

"தப்பா எடுத்துக்காத லெஸ்டர். உன் எறும்பு பாக்க வந்த பதினோரு காரை இழுத்து என் இடுப்பே போச்சு. ஏரிக்கு ரோடு இல்லாம முடியாதுனு கவுன்சில்ல பேசினோம். நீ அன்னிக்கு ரூட்டே சொல்லிட்டியா, வேலை சுலபமா முடிஞ்சுது. மத்தியானத்துக்குள்ள கேரவனை இழுத்துடணும்."

"அன்னிக்கேதான் குச்சி நட்டுட்டீங்களே! இப்ப எதுக்கு நீலக் கலர்ல மறுபடி நடற?"

"எது? அந்த ரோஜாக் கலரா?" நெவில் பழைய குச்சியைக் குனிந்து பார்த்தான். "எங்கிட்ட ரோஜாக் கலர் தீந்து ரெண்டு வருஷம் ஆச்சுப்பா. மிச்சம் இருந்த ஒரு சுருளை சர்வேயர் ரிட்டையர் ஆகும்போது வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டார். போன வருஷம் அவரும் போய்ச் சேந்துட்டார். டோரீனோட வீட்டுக்காரர்தான், மறந்துட்டியா?"

இரண்டு பேரும் திரும்பினார்கள். டோரீன் வேலியருகே நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் தக்காளிச் செடிகள், ஒவ்வொன்றிலும் ரோஜா நிற முடிச்சு, காற்றில் மெல்ல ஆடின. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவள் வாயைத் திறந்தாள்.

"நாலு இடத்துல எறும்புப் புத்து இருக்கு, மிதிச்சிடப்போறனு உனக்காகத்தான்டா நட்டேன், மடையா. உன்கூடத்தான் நான் பேசுறது இல்லையே!"