தெருக்களைப் பாடிய கசற் அண்ணை

ஒஸ்லோவில் கசற் அண்ணைக்குத் தெரியாத தெருவே கிடையாது. ஆனால் அவரிடம் வழி கேட்பதென்றால் பாடச் சொல்லிக் கேட்கவேண்டும். சாதாரணமாகக் கேட்டால் தன் வீட்டுக்கே வழி சொல்லத் தடுமாறுவார்.

நகரத்து ஓரமாகக் குரோருடில் எங்கள் குடியிருப்பில் எனக்கு மேல்மாடி அவர்தான். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள். ஊரெல்லாம் சீடிக்கு மாறிவிட்டது. அண்ணையிடம் மட்டும் ஒரேயொரு கசற் இருந்தது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஒருவரின் புகழ்பெற்ற, நெஞ்சை உருக்கும் சோல் இசைப் பாட்டுகள். வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிய காலத்தில், கூட வேலை செய்த நோர்வேக்காரன் கொடுத்தது. பாடகரின் பெயர் அண்ணையின் வாயில் நுழையாது. "எங்கடை ஆள்" என்பார், ஏதோ சித்தப்பா மகனைப்போல.

அண்ணை எழுதவிருந்த டாக்ஸி ஓட்டுநர் பரீட்சைக்கு நகரத்துத் தெருக்களைப் பாடமாக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் படித்த எங்களுக்குப் பாடமாக்குவதென்றால் சத்தம் போட்டுச் சொல்வதுதான். வாய்ப்பாடும் தேவாரமும் அப்படித்தான் உள்ளே போயின. அண்ணை ஒருபடி மேலே போனார். பாட்டின் சொற்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, எங்கடை ஆளின் மெட்டுகளில் தெருப் பெயர்களை ஏற்றினார். காலால் தாளம் போடவைக்கும் பாட்டு நகர மையத்துக்கு. ஒருவழிப் பாதை வந்தால் ஒரு கத்தல். காதலி விட்டுப்போன பாட்டு மலைப்பக்கத்துக்கு. வளைவுக்கு ஒரு விம்மல்.

"அழுதால்தான் அந்தப் பக்கம் திரும்பலாம், தம்பி," என்றார் என்னிடம்.

அவருடைய மனைவி ரதி அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த மனுசன் ரோட்டைப் படிக்குதோ, ரோட்டுக்கு ஒப்பாரி வைக்குதோ?"

முதல் பரீட்சையில் அண்ணை தவறினார். மண்டபம் அமைதியாக இருந்ததாம். பாடாமல் ஒரு தெருவும் நினைவுக்கு வரவில்லை. இரண்டாம் முறை மெல்ல முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்த ஐந்தாறு பேரின் பென்சில்களும் அவருடைய தாளத்துக்கே ஓடத் தொடங்கின. விடை சொல்லிக்கொடுக்கிறார் என்று மேற்பார்வைக்கு நின்ற அம்மணி அவரை வெளியே அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு மேல்மாடியில் பாட்டு நின்றது. அதுவரை சத்தத்தைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. போய்ப் பார்த்தேன்.

"அடுத்தமுறையும் பெயிலாகினால் திரும்பப் பாட்ஸ்பியோர்டுக்கு மீன் வெட்டத்தான் போகோணும்," என்றார் அண்ணை.

"நீங்கள் போங்கோ. நான் வரேல்லை," என்றார் ரதி அக்கா. "இஞ்சை பார்னஹாகைப் பாலர் பள்ளியிலை சின்னப் பிள்ளையளோடை எனக்கு வேலை இருக்கு."

இருவரும் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி தேநீர் குடித்தார்கள்.

மூன்றாம் முறைக்கு நான்தான் நோர்வேஜிய மொழியில் கடிதம் எழுதிக் கொடுத்தேன்: இவர் பாடினால்தான் எழுதுவார், தயவுசெய்து தனியறை தரவும். அதே அம்மணி தனியறை தந்தார். காவலுக்குத் தானே உட்கார்ந்தார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். நகர மையம் கேட்டது, துறைமுகம் கேட்டது, மலைப்பக்கம் விம்மி விம்மி ஏறியது. முடிந்து வெளியே வந்த அம்மணியின் நடையில் தாளம் இருந்ததென்று நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

அண்ணை தேறிவிட்டார்.

டாக்ஸி கைக்கு வந்த கிழமையே ரதி அக்காவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு பியோர்ண்டாலில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போனார். திரும்பும்போது பாடிக்கொண்டே வந்தவர் ஒரு சிவப்பு விளக்கில் பாட்டைத் திடீரென்று நிறுத்தினார். அடுத்த வரி வரவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி விழித்தார்.

பின் இருக்கையில் ரதி அக்கா, வெளியே பார்த்தபடி, அதே மெட்டில் அடுத்த தெருவைப் பாடினார். விம்மல்கூடப் பிசகவில்லை.

அண்ணை கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "நீர் எப்ப பாடமாக்கினனீர்?"

"நீங்கள் பெயிலாகிப் படுத்துக் கிடக்கேக்கை. ஆராவது ஒராள் மறக்காமல் வைச்சிருக்கோணுமே. எடுங்கோ, பச்சை விழுந்திட்டுது."

வீட்டு வாசலில் கார் நின்றபோது பாட்டில் இன்னும் நான்கு தெருக்கள் மிச்சமிருந்தன. மூவரில் ஒருவருமே கதவைத் திறக்கவில்லை.