ரொட்டிக்காரர் ஒளிந்த இடங்கள்

துரையை இனி விளையாட்டாலேயே வழிக்குக் கொண்டுவருவது என்று ரொட்டிக்காரர் தீர்மானித்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. துரை என்பது நாய். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத குணத்தால் வந்த பெயர்.

அன்று காலை யாரோ கேட்டைத் திறந்து போட்டுவிட்டார்கள். பூனையைத் துரத்திக்கொண்டு துரை தெருவில் பாய்ந்தது. எதிரே லாரி. ரொட்டிக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். துரையின் காதுகூட அசையவில்லை. லாரி டிரைவர்தான் பிரேக்கை மிதித்தார். மிதித்த கையோடு ரொட்டிக்காரரின் பரம்பரை முழுவதையும் விசாரித்துவிட்டுப் போனார்.

வாசலில் மனைவி வெளிறிப்போய் நின்றாள்.

"கூப்பிட்டா வராத நாய் நமக்கு எதுக்கு? என் தம்பி பட்டறைக்கு அனுப்பிடுறேன். அங்க சங்கிலி இருக்கு."

"ஏம்மா, வாயில்லாத ஜீவன்..."

"காதும் இல்லையே! கூப்பிட்ட குரலுக்கு வந்தா இருக்கட்டும். இல்லேன்னா சங்கிலிதான்."

பேக்கரியில் அவருக்கு எப்போதும் இரவு ஷிப்டு. ஊர் எழுந்திருக்கும்போது அவர் படுப்பார். விடியலில் வீடு திரும்பினால், எழுந்து வந்து வாலை ஆட்ட இந்த உலகத்தில் அந்த ஒரு ஜீவன்தான் இருந்தது.

மாவு உப்பும் இடைவேளைகளில் கைபேசியில் நாய்ப் பயிற்சி படித்தார். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. முதல் விளையாட்டு, பெயர் சொல்வது. 'துரை' என்றதும் திரும்பிப் பார்த்தால் பிஸ்கட்டில் ஒரு துண்டு. பேக்கரியில் உடைந்த பிஸ்கட்டுக்கா பஞ்சம்? அடுத்தது, மூடிய கைக்குள் பிஸ்கட். கையை நக்கினால் கிடைக்காது, கண்ணைப் பார்த்தால் கிடைக்கும். இரண்டிலும் துரை தேறிவிட்டது. பிஸ்கட் விஷயத்தில் அதன் கவனம் எப்போதுமே சிதறியதில்லை.

அதன் பிறகுதான் கண்ணாமூச்சி. ஒளிந்துகொண்டு ஒரே ஒரு தரம் கூப்பிட வேண்டும். திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் பெயருக்கு மதிப்புப் போய்விடும். நாய் தேடி வரும்வரை மூச்சுக் காட்டக் கூடாது. கூப்பிடும்வரை அதைப் பிடித்து நிறுத்தி, குரல் கேட்டதும் விடுவதற்கு இன்னோர் ஆள் வேண்டும். மனைவி உடனே சம்மதித்தாள். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததிலேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

முதலில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தார். கூப்பிட்டார். துரை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மனைவியின் முகம் வந்தது, கூடவே ஓர் ஈரத்துணியும்.

"சும்மாதானே படுத்திருக்கீங்க. அந்தக் கால் பக்கம் ஒரே தூசி."

"உஷ்! நான் பேசக் கூடாது."

"துடைக்கிறதுக்கு வாய் எதுக்கு?"

நியாயமாகத்தான் பட்டது. துடைத்தார்.

மறுநாள் துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால். அங்கே ஒழுகிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி முடித்தார், துரை வரவில்லை. அதற்கடுத்து, சாமான் அறை மூலை. அங்கிருந்த பழைய செருப்புகளெல்லாம் ஜோடி சேர்ந்தன; துரை மட்டும் வந்து சேரவில்லை.

அப்போதும் ரொட்டிக்காரர் மனம் தளரவில்லை. காலமெல்லாம் மாவோடு பழகியவர். அவசரப்பட்டால் ரொட்டி கல்லாகிவிடும் என்று தெரிந்தவர். நாயின் மூளையும் மாவு மாதிரிதான் என்று மனைவிக்கு விளக்கினார்.

"இன்னும் உப்பலையோ என்னமோ," என்றாள் அவள், மிகுந்த கவலையோடு.

"உப்பும்."

"சீக்கிரம் உப்பட்டும். ஞாயித்துக்கிழமை தம்பி சங்கிலியோட வர்றான். நாளைக்குப் பரண்ல ஒளிஞ்சு பாருங்க. இந்தாங்க, ஒட்டடைக் குச்சி."

சனிக்கிழமை மதியம், தூக்கம் சொக்கிய கண்களோடு பரணில் ஏறினார். பழைய பெட்டிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்தார். இதுதான் கடைசி வாய்ப்பு. இத்தனை காலத்துப் பாசத்தையெல்லாம் திரட்டி, "துரை!" என்றார்.

சத்தமே இல்லை.

பெட்டிகளின் இடுக்கு வழியாக மெல்லக் கீழே எட்டிப் பார்த்தார். கூடத்தின் நடுவில் மனைவி நின்றிருந்தாள். உள்ளங்கையை நாயின் முகத்துக்கு நேராக நிமிர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள். துரை உட்கார்ந்திருந்தது. ஓடி வரத் துடித்து அதன் உடம்பு முழுவதும் நடுங்கியது. வால் தரையைப் பெருக்கியது. கண் மட்டும் அந்தக் கையை விட்டு நகரவில்லை.

"ஏம்மா!"

"மூச்சுக் காட்டக் கூடாதுங்க."

"எப்பலேர்ந்து நடக்குது இது?"

"நீங்க வேலைக்குக் கிளம்புனப்புறம் நானும் விளையாடினேன். அந்த லாரியைப் பாத்து எனக்கு மட்டும் பயம் இல்லையா? சட்டுனு கத்துக்கிச்சு. பூனை எதிர்ல நின்னாலும் கூப்பிட்டா திரும்பி வருது. 'நில்லு'ன்னு கையைக் காட்டுனா நிக்குது."

"அப்போ சங்கிலி? உன் தம்பி?"

"அவனுக்கு நாயைக் கண்டாலே நடுக்கம். அவன்கிட்ட இதைப் பத்திப் பேசவே இல்லையே."

"அப்புறம் எதுக்கு என்னைக் கட்டிலுக்கடியிலயும் பரண்லயும்..."

மனைவி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பகல்ல நீங்க முழிச்சிருந்து பாத்து எவ்வளவு காலமாச்சு," என்றாள். "நானும் இந்தச் சுவத்துகிட்டயே எவ்வளவுதான் பேசுறது?"

ரொட்டிக்காரரின் முகம் இளகியது. அதற்குள் இறுக்கிய குழாய் நினைவுக்கு வந்தது. ஜோடி சேர்த்த செருப்புகள் நினைவுக்கு வந்தன. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"போதும்! நான் இறங்குறேன். இனிமே இந்த வீட்டுல ஒளியிற வேலையே கிடையாது!"

ஏணியில் ஒரு காலை வைத்தார். மனைவி கையைக் கீழே போடவில்லை. உள்ளங்கையை அப்படியே அவர் பக்கம் திருப்பினாள்.

"இருங்க. அந்த மூலையில இன்னும் ஒட்டடை இருக்கு."

எடுத்த கால் படியிலேயே நின்றுவிட்டது. கீழேயிருந்து துரை அண்ணாந்து பார்த்தது, தன்னோடு ஒரே முதலாளியிடம் வேலை பார்ப்பவனைப் பார்ப்பதுபோல.

மனைவி பக்கத்திலிருந்த டப்பாவைத் திறந்தாள். அசையாமல் இருந்ததற்குப் பிஸ்கட் கொடுத்தாள், நாய்க்கு மட்டும்.