நட்சத்திரம் வைத்த தலைப்புகள்

சைக்கிள் ரியூப் ஒட்டிப் பழகியவனுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எது பழுதானாலும் கழற்றிப் பார்த்தால் சரிவரும் என்று நம்புவான். எனக்கு அந்த வியாதி ஐம்பது வருடமாக இருக்கிறது, இனி மாறாது. அதனால் வந்த ஒரு மானக்கேட்டை நானே எழுதிவிடுகிறேன். வீட்டார் சொல்லக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் போதும் என்று சொன்னவன் நான். (பள்ளிக்கூடமும் எனக்கு அதையேதான் சொன்னது.) வாவிக்கரை ரோட்டில் சைக்கிள் கடை போட்டு, அதைத் தட்டிமுட்டி வளர்த்து, ரெலிபோன், போட்டோக்கொப்பி, கொம்பியூட்டர் எல்லாம் வைத்த கொமியூனிகேசன் ஆக்கினேன். கடல் ஊருக்குள் வந்த சுனாமி வருடம் அந்தக் கடையின் போன் ஓயவில்லை. வெளிநாட்டிலிருந்து எடுப்பவர்கள் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். சுவிஸில் இருந்த என் மருமகன், அக்காவின் மகன், ஒரு வெப்சைட் செய்தான். நான் முகாம் முகாமாகப் போய்ப் பெயர்களை எழுதிவந்து போனில் வாசிப்பேன், அவன் அதில் ஏற்றுவான். ஒவ்வொரு பெயரையும் இரண்டு தரம் சொல்லி, அவன் திருப்பிச் சொல்லக் கேட்டுத்தான் அடுத்ததுக்குப் போவேன். ஒரு பெயரிலும் பிழை வரவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. (பெருமைக்குத்தான் சொல்கிறேன்.)

அந்த வெப்சைட்தான் பிறகு எங்கள் முருகன் கோயிலின் வெப்சைட் ஆனது. கோயிலில் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு, அதாவது ஒவ்வொரு வம்சத்துக்கு, சொந்தம். அன்றைக்கு அந்தக் குடிக்காரர் முன்னால் நின்று, ஐயர் கொடுக்கும் வெற்றிலைத் தட்டத்தை, காளாஞ்சி என்போம், அதை வாங்குவார்கள். அதைவிடப் பெரிய மரியாதை எங்கள் பக்கத்தில் இல்லை. குடி எங்களுக்குத் தாய்வழியில் வரும். ஆகவே என் மனைவி ஒரு குடி, பிள்ளைகளும் அவள் குடி, நான் மட்டும் வேறு குடி. நான் கட்டிய வீட்டில் நானே விருந்தாளி. நான்காம் நாள் அவர்களுடையது, ஏழாம் நாள் எங்களுடையது.

வெப்சைட்டில் நாளுக்கு ஒரு பக்கம். உள்ளே படங்கள் மட்டும். தலைப்பில் அந்தக் குடியின் பெயர். வெறும் பெயர் மொட்டையாக இருக்கிறதே என்று, முன்னால் மூன்று நட்சத்திரம், பின்னால் மூன்று நட்சத்திரம், ஒரு வேல் என்று நான் சோடித்தேன்.

“மாமா, தலைப்புக்குள்ள இந்தச் சோடனையெல்லாம் வேணாம். ஒருநாளைக்கு இடக்குப் பண்ணும்” என்றான் மருமகன்.

“கோயிலுக்குத் தோரணம் கட்டாம விடுவியா மனே?” என்றேன். அவன் விட்டுவிட்டான். என்னோடு பேசிக் களைத்தவர்களில் அவனும் ஒருவன்.

நாட்டில் சண்டை முடிந்து வந்த முதல் திருவிழா. வெளிநாட்டில் இருந்தவர்கள் வருகிறோம் என்றார்கள். மருமகன் ஒவ்வொரு பக்கத்தோடும் இந்த வருடத் திகதியைச் சேர்த்துவிட்டு, வெப்சைட்டின் மென்பொருளையும் ஒரேயடியாகப் புதுப்பித்தான். அடுத்த நாள் காலையில் திறந்து பார்க்கிறேன், பத்துத் தலைப்பும் கேள்விக்குறி. குடி இல்லை, நட்சத்திரம் இல்லை, வேலும் இல்லை. வரிசையும் கலைந்து கிடந்தது.

கொம்பியூட்டரை நிறுத்திப் போட்டேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். பிறகு என் தொழில் அறிவு வேலை செய்தது. கேள்விக்குறி எங்கிருந்து வருகிறது? கீபோட்டிலிருந்து. அந்தக் குறி உள்ள கட்டை இறுகிப் போயிருக்கும் என்று திருப்புளியால் நெம்பிக் கழற்றி மேசையில் வைத்தேன். கேள்விக்குறி போகவில்லை. மருமகனுக்குப் போன் எடுத்தேன்.

“அது கீபோட் இல்ல மாமா. நீங்க போட்ட நட்சத்திரத்தப் புது மென்பொருளுக்கு விளங்கல்ல. தலைப்பு முழுக்கக் கேள்விக்குறியாக்கிப் போட்டுது. சனிக்கிழம லீவு, நான் பாக்கன். ஒண்டையும் தொடாதீங்க.”

“ஓம் மனே, தொடமாட்டன்” என்றேன். கழற்றிய கட்டை அப்போது என் மற்றக் கையில் இருந்தது.

சனிக்கிழமைக்கு மூன்று நாள் கிடந்தது. அதற்குள் ஒரு குடித் தலைவர் கடைக்கு வந்து மர வாங்கில் உட்கார்ந்தார். “கனடாவில இரிந்து மகன் சொல்றான். எங்கட நாளுக்கு நேரா கேள்விக்குறி போட்டிரிக்காம். உங்களுக்கு என்ன சந்தேகம்?”

இதற்குமேல் பொறுக்க முடியுமா? நானே உட்கார்ந்து தலைப்புகளை மாற்றத் தொடங்கினேன். நான் எழுதும் இடத்தில் தலைப்புப் பெட்டியும் படங்களும்தான் தெரியும், திகதி தெரியாது. எந்தப் பக்கம் எந்தக் குடி என்று படத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். கொடிக்கம்பம் இருந்தால் முதல்நாள். வாவித் தண்ணீர் இருந்தால் கடைசிநாள் தீர்த்தம். மற்றதெல்லாம் யார் முன்னால் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பெயரைப் போட்டேன். கடைசியில் இரண்டு பக்கம் மிஞ்சின. ஒன்று மனைவியின் குடி, மற்றது என் குடி. இரண்டிலும் முன்னால் நின்றது நான்.

ஒன்றில் முழு ஆளாக நிற்கிறேன். காத்தான்குடிக் கடையில் எடுத்த பட்டுக்கரை வேட்டி பளபளக்கிறது, கையில் காளாஞ்சித் தட்டம். மற்றதில் பாதி முகமும் ஒரு காதும். சொந்தக் குடியின் நாளில் எந்த மனிதனாவது ஒரு காதோடு நிற்பானா? பெரிதாகத் தெரிந்த பக்கத்துக்கு என் குடியின் பெயரைப் போட்டேன். காதுக்கு மனைவியின் குடியைக் கொடுத்தேன்.

முகப்பைத் திறந்தால் பத்து வரியும் நல்ல தமிழ். பக்கத்தில் திகதிகளும் இருந்தன. நான் எழுத்தை ரசித்தேனே தவிர எண்களைப் படிக்கவில்லை. மருமகனுக்குச் சொன்னேன், “சனிக்கிழம நீ நித்திரையக் கொள்.”

“எல்லாம் சரிதானா மாமா?”

“ஆரிட்டக் கேக்கிறாய்?”

ஊரில் யாரும் பிழையைக் காணவில்லை. ஊர்க்காரருக்குத் தங்கள் நாள் தெரியும், வெப்சைட்டைப் பார்த்தா போவார்கள்? திருவிழா தொடங்கியது, நான்காம் நாளும் முடிந்தது.

ஆறாம் நாள் மத்தியானம் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. இறங்கியவன் என் மனைவியின் தம்பி. இருபது வருடத்துக்கு மேல் லண்டன். தாயின் செத்தவீட்டுக்கும் வர முடியாதவன். வருவதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவி கட்டிப்பிடித்து அழுதாள்.

“ஏன்டா ஒரு சொல்லுச் சொல்லாம வந்த?”

“நாளைக்கு எங்கட திருவிழாதானே அக்கா. அம்மாட குடிக்குக் காளாஞ்சி நான் வாங்கோணும் எண்டுதான் ஓடி வந்தன்.”

அவள் கை அவன் தோளிலேயே நின்றது. “அது முந்தாநாள் முடிஞ்சிட்டே தம்பி.”

அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். வெப்சைட்டிலிருந்து எடுத்த தாள். அவர்கள் குடியின் பெயருக்கு நேரே ஏழாம் நாளின் திகதி. மனைவி தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “இஞ்ச வாங்க” என்றாள். கடையில் நான்காம் நாள் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள்.

“இது எங்கட நாள். உங்களுக்குப் பின்னுக்கு நிக்கிற ஆக்களப் பாருங்க, முழுக்க எங்கட சொந்தம். தட்டத்த வாங்கினது எங்கட பெரியண்ணன். படத்துக்கு ஒருக்காப் புடிக்கன் எண்டு நீங்கதான் பறிச்செடுத்தீங்க. இத என்னெண்டு உங்கட நாள் எண்டு போட்டீங்க?”

“இதிலதான் நான் பெரிசாத் தெரியிறன்.”

“நீங்க எந்த நாள்தான் சிறுசாத் தெரிஞ்சீங்க?”

மச்சான் சிரித்தான். “பரவாயில்ல அத்தான்” என்றும் சொன்னான். ஆனால் அன்று முழுக்க அந்தத் தாளை மடித்து மடித்துக் கையிலேயே வைத்திருந்தான். முகாம் பெயர்களை இரண்டு தரம் வாசித்த நான் பத்துப் பெயரை ஒரு தரம் சரிபார்க்கவில்லை. சோறு இறங்கவில்லை. (கொஞ்சம் இறங்கியது.)

மனைவியின் பெரியண்ணனிடம் போய், இல்லாத பணிவையெல்லாம் தேடி எடுத்துக் கேட்டேன். தீர்த்தத்தன்று எல்லாக் குடிக்கும் ஒவ்வொரு காளாஞ்சி உண்டு. அவர்கள் குடியின் தட்டத்தைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்தார். சொந்த நாளுக்கு அது ஈடாகாது. இருந்தாலும் வாவிக்கரையில் நனைந்த வேட்டியோடு அவன் தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கியபோது, மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

நான் பக்கத்தில் இல்லை. “இண்டைக்கு நீங்க பின்னுக்கு நில்லுங்க” என்பது காலையிலேயே மனைவி போட்ட கட்டளை. மச்சான் தன் கமராவை என்னிடம் தந்து படம் எடுக்கச் சொன்னான். என் ஆயுளில் நான் இல்லாத முதல் திருவிழாப் படம். கவனமாக, இரண்டு தரம் பார்த்துத்தான் பொத்தானை அமத்தினேன்.

மருமகன் தலைப்புகளையெல்லாம் சரிசெய்து, நட்சத்திரத்தை விலக்கி, அந்தப் படத்தையும் ஏற்றினான். ஏற்றிவிட்டு அவனே போன் எடுத்தான். “மாமா, இதிலயும் நீங்கதான் முன்னுக்கு.”

திறந்து பார்த்தேன். மச்சான் நிற்கிறான், தட்டம் தெரிகிறது, வாவி தெரிகிறது. இடது மூலையில், எல்லாரையும்விடப் பெரிதாக, என் பெருவிரல்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் போட்டோக்காரன் ஆட்களை நிறுத்தினால், “முதல்ல இவர்ர கையப் பின்னுக்குக் கட்டுங்க” என்பாள் மனைவி. நான் கட்டிக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் மறுத்துப் பேசக் களைப்பாக இருக்கிறது.