சீரியல் பெட்டிக்குப் பின்னால் ஓர் இளவரசி

பெண் விடுதலைக்காகப் பிரஷாந்தன் பாடுபடத் தொடங்கிய நாளிலிருந்து, வீட்டுக் குப்பைத்தொட்டியை வாராவாரம் அவருடைய மனைவி கிரிஜாதான் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஸ்பிரிங்வேல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வந்த வினை. அன்றைக்குப் பெற்றோர் கூட்டம். வடையும் நன்றாக இருந்தது, கூட்டமும் நிறைய. மனிதருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. எழுந்து நின்று ஒரு பிடி பிடித்தார். நாங்கள் சொல்லுகிற கதைகளில் இளவரசிக்கு என்ன வேலை? கோபுரத்தில் இருந்து அழுவது, இளவரசன் வந்தால் கண்ணைத் துடைப்பது. மெல்பேணில் வளரும் பெண்பிள்ளைக்கு இதுவா கதை? சொந்தக் காலில் நிற்கும் ஓர் இளவரசியின் கதையைத் தானே எழுதி, ஆறு வாரத்தில் வரும் புத்தக நாளன்று மேடையில் வாசிக்கப்போவதாகவும் அறிவித்தார். மண்டபம் கைதட்டியது. தலைமையாசிரியர் சிவலிங்கம் அங்கிள் வந்து கட்டிப்பிடித்தார். எட்டு வயது மகள் மதுஷா, அது தன்னுடைய அப்பா என்று பக்கத்தில் இருந்த பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இனி எழுதத்தானே வேண்டும். வேலையால் வந்ததும் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கதிரையில் உட்காருவார். தேத்தண்ணி வரும், குடிப்பார். இன்னொன்று வரும், அதையும் குடிப்பார். மூன்று வாரத்தில் உருவான இலக்கியம் இதுதான்: ‘ஒரு ஊரில் ஒரு இளவரசி இருந்தாள். அவள் மிகவும் சுதந்திரமானவள்.’

"இஞ்சேருங்கோ, நாளைக்குக் குப்பை எடுக்க வருவாங்கள். தொட்டியை ஒருக்கா வெளியில வைச்சுவிடுங்கோ," என்றாள் கிரிஜா ஒரு பின்னேரம்.

"நான் இளவரசிக்கு விடுதலை வாங்கிக் குடுத்துக்கொண்டிருக்கிறன். இப்ப என்னைக் குழப்ப வேண்டாம்."

"எங்க நிக்கிறா இப்ப?"

"கோபுரத்தில."

"இறங்கி வரேக்க தொட்டியையும் இழுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கோவன்," என்றுவிட்டுத் தானே இழுத்துக்கொண்டு போனாள்.

நான்காவது வாரத் திங்கட்கிழமை காலை. அடுப்பில் தேத்தண்ணி கொதிக்க, குசினியில் கிரிஜா மதுஷாவுக்கு இரட்டைப் பின்னல் பின்னிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையை ஓர் இடத்தில் நிறுத்துவது லேசான காரியம் இல்லை. கதை சொன்னால்தான் நிற்கும். பிரஷாந்தன் காலில் சப்பாத்துப் போட்டபடி காதைக் கொடுத்தார். கொடுத்த காது திரும்பி வரவில்லை. கதையில் ஓர் இளவரசி அரண்மனைக் கூரையில் ஏறி ஓடு மாற்றிக்கொண்டிருந்தாள். பெண் கேட்டு வந்த இளவரசர்களிடம் நாற்பது பக்க விண்ணப்பத்தை நீட்டி, நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள், இரண்டு வருடத்தில் பதில் வரும் என்றாள். தீ கக்கிய பூதத்தைப் பிடித்து அடுப்பு மூட்டும் வேலைக்கு வைத்தாள். மதுஷா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிரஷாந்தனுக்கு முதலில் பொறாமை வந்தது. பிறகு யோசனை வந்தது. இந்தக் கதையைத் தாரும் கிரிஜா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மரியாதை என்னாவது? அடுத்த நாள் காலையில் போனில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, குசினி மேசையில், மதுஷா காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியல் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். மனச்சாட்சி கொஞ்சம் முனகத்தான் செய்தது. புருஷன் பெண்சாதிக்குள் உன்னுடையது என்னுடையது ஏது என்று அதன் வாயை அடைத்தார்.

முதல் சில நாள் பதிவுகளைக் காரில் போட்டுக் கேட்டார். ஒவ்வொன்றும் அருமை. அதன் பிறகு கேட்கவே இல்லை. பேச்சை எழுத்தாக்கித் தரும் செயலி போனில் இருக்கும்போது எதற்கு வீண் சிரமம்? புத்தக நாளுக்கு முதல்நாள் ஒரு கண்ணைக் கிரிக்கெட்டில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் அச்சடித்தார். எட்டுப் பக்கம். மேலே கொட்டை எழுத்தில் ‘எழுதியவர்: பிரஷாந்தன்’.

கிரிஜா எட்டிப் பார்த்தாள். "முடிவு நல்லா வந்திருக்கோ?"

"அந்த மாதிரி வந்திருக்கு."

"ஒருக்கா வாசிச்சுப் பாத்தனீங்களோ?"

"எழுதினவனுக்கு என்னத்துக்கு வாசிப்பு?"

அவருடைய சட்டையை எடுத்து ஸ்திரி போடப் போய்விட்டாள்.

மறுநாள் மண்டபத்தில் நூறு பேருக்குக் குறையாது. முன் வரிசையில் பிள்ளைகள், அவர்களுக்கு நடுவில் மதுஷா. கிரிஜா கடைசி வரிசையில். முதல் ஆறு பக்கம் ஓகோ என்று போனது. விண்ணப்பப் படிவம் வந்தபோது பெரியவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பிரஷாந்தன் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

"அப்போது இளவரசி ஏணியில் ஏறி, ஆ, அம்மா, நோகுது, மெல்ல இழுங்கோ, ஆடாமல் நில்லுங்கோ பிள்ளை, மற்றப் பக்கம் திரும்புங்கோ, ரிப்பன் எங்கே..."

வந்த வேகத்தில் வாய் எல்லாவற்றையும் வாசித்துவிட்டது. செயலிக்கு என்ன தெரியும், காதில் விழுந்ததையெல்லாம் எழுதி வைத்திருந்தது. பெண்பிள்ளைக்குத் தலை பின்னிவிட்ட தாய்மார் அத்தனை பேருக்கும் அது எங்கே, எப்போது, யார் வாயிலிருந்து வந்த கதை என்று விளங்கிவிட்டது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரஷாந்தனுக்குக் காது இரண்டும் கொதித்தன. அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார். அங்கே, ‘அந்த இளவரசிக்கு ஒரு புருஷன் வாய்த்தான்’ என்று தொடங்கியது. கண் நாலு வரி முன்னால் ஓடிப் பார்த்தது. தாள்களை மடித்துக்கொண்டு, "பிறகு இளவரசி சந்தோஷமாக வாழ்ந்தாள்," என்று கதையை முடிக்கப் பார்த்தார்.

மதுஷா எழுந்து நின்றாள். நூறு தரம் கேட்ட கதையில் ஒரு சொல் மாறினாலும் பிள்ளைகள் விடுவார்களா? "இல்லை அப்பா, அப்பிடி இல்லை. நீங்க ஒரு பேஜை விட்டிட்டீங்க. கிளி வாற பேஜ்."

கிளி என்றதும் முன் வரிசை முழுக்கக் கிளி வேண்டும் என்று கத்தத் தொடங்கியது. வேறு வழி? வாசித்தார்.

"இளவரசனுக்குப் பெரிய வேலை இருந்தது. பெண்களுக்கு விடுதலை கொடுக்கும் சட்டம் எழுதிக்கொண்டிருந்தான். வாரக்கணக்காக இருந்து இரண்டு வரி எழுதினான். அதுவரை அரண்மனைக் குப்பையை இளவரசிதான் இழுத்தாள். குப்பை வண்டி எந்த நாள் வரும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. கடைசியில், இளவரசி சொல்லும் கதைகளைத் திருட ஒரு கிளியைப் பிடித்துப் பொரிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். பெட்டி தினமும் இடம் மாறுவதை இளவரசி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்."

ஒவ்வொரு வரிக்கும் குரல் இறங்கிக்கொண்டே போனது. வெட்கமாக இருந்தது. சபை சிரித்ததற்குக்கூட இல்லை. எழுதியிருந்ததில் ஒரு சொல்கூடப் பொய் இல்லையே என்பதற்காக வெட்கமாக இருந்தது. மகள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது அதைவிடப் பெரிய வெட்கம்.

முன் வரிசையில் யுவனேஷ் என்ற பொடியன் கையை உயர்த்தினான். "அங்கிள், குப்பை வண்டி எந்த நாள் என்று உங்களுக்குத் தெரியுமா?"

மிஞ்சிய மானத்தையாவது காப்பாற்ற வேண்டாமா? "தெரியாமல் என்ன, செவ்வாய்க்கிழமை," என்றார் அழுத்தமாக. கடைசி வரிசையில் கிரிஜா கூரையைப் பார்த்தாள்.

தாள் அதோடு முடிந்துவிட்டது. பிள்ளைகள் விடவில்லை. கள்ள இளவரசனை இளவரசி என்ன செய்தாள்? கோபுரத்தில் அடைத்தாளா, பூதத்திடம் கொடுத்தாளா? பிரஷாந்தன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். ஆறு வாரத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

"கிரிஜா, இது உம்மட கதை. முடிவையும் நீரே சொல்லும்."

கிரிஜா எழுந்தாள். "ஒண்டும் செய்யேல்ல. அவன்ர வாயாலேயே எல்லாருக்கும் கதையை வாசிக்க வைச்சா."

அதற்குப் பிறகு எழுந்த கைதட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சிவலிங்கம் அங்கிள் பூச்செண்டைத் தூக்கிக்கொண்டு பிரஷாந்தனைக் கடந்து நேரே கடைசி வரிசைக்குப் போனார். வீட்டுக்கு வரும் வழியில், அந்த இளவரசன் நீங்களா அப்பா என்று மதுஷா பின் இருக்கையிலிருந்து கேட்டாள். ஓம் என்றார். பூதமும் முதலில் கூடாததாகத்தான் இருந்தது, பிறகு வேலை பழகிவிட்டது என்று பிள்ளை ஆறுதல் சொன்னாள்.

பழகித்தான் ஆகவேண்டும். திங்கட்கிழமை பின்னேரம் வேலையால் வந்ததும், யாரும் சொல்லாமலே, சிவப்பு மூடிக் குப்பைத்தொட்டியையும் மஞ்சள் மூடி மறுசுழற்சித் தொட்டியையும் வாசலுக்கு இழுத்து வந்து வரிசையாக வைத்தார். கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். தெரு நீளத்துக்கும் வேறொரு தொட்டியைக் காணவில்லை. எதிர்வீட்டுக்காரர் நாயோடு நின்று புதினம் பார்த்தார். கதவடியில் கிரிஜா வந்து நின்றாள்.

"உங்கட சட்டத்தில எப்பிடியோ தெரியாது, எங்கட தெருவுக்கு வண்டி வாறது வெள்ளிக்கிழமை."