வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நின்றுவிடும் இயந்திரம்

சுராபாயாவில் டோஃபு பட்டறைப் புகைக்கு நடுவே இதை வாசிக்கப்போகும் அண்ணன் சுதார்ஜோவுக்கு, ஜோக்ஜாவிலிருந்து தம்பி ஹர்தோனோ ஸலாம் கூறி எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே யாவரும் நலம். அண்ணியின் சர்க்கரை கட்டுக்குள் இருக்க அல்லாஹ் அருள்வானாக.

உங்கள் மகள் வெனிங் நேற்று இங்கே பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வுத் தேர்வில் தேறிவிட்டாள். தேறாவிட்டால் பட்டறைக்கு வந்து சோயா அரைக்க வேண்டும் என்ற உங்கள் உத்தரவை இனி மடித்து வைத்துவிடலாம். ஆனால் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவள் செய்த இயந்திரத்தில், அமிலம் உள்ள குடுவைக்குள் காரம் சொட்டுச் சொட்டாக விழும். திரவம் இளஞ்சிவப்பானதும் கேமரா அதைப் பார்த்துக் குழாயை மூடிவிடும். மற்ற நாளெல்லாம் ஒழுங்காக வேலை செய்யும், வெள்ளிக்கிழமை வந்தால் ஒரு சொட்டு விழுவதற்குள் மூடிக்கொள்ளும், தேர்வோ வெள்ளிக்கிழமை! ஓய்வுபெற்று வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இதிலே தூக்கம் போய், தினமும் ஆய்வகத்துக்குக் கிளம்பிவிட்டேன். மசூதி ஒலிபெருக்கிகளால் மின்சாரம் குறைகிறதோ என்று ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு போய் இடுப்பு பிடித்துக்கொண்டது, பேய்க்கோளாறோ என்று யாருக்கும் தெரியாமல் சாம்பிராணி போட்டுத் தீ எச்சரிக்கை மணி அலறி, துறைத்தலைவர் செருப்பில்லாமல் ஓடினார், போகட்டும், ஒரு வெள்ளிக்கிழமை என் சட்டையில் கெச்சாப் கொட்டியதால் வெனிங் வெள்ளைக் கோட்டு ஒன்றைக் கொடுத்தாள், அதைப் போட்டதும் இயந்திரம் சொட்டுகிறது, கழற்றினால் நிற்கிறது. சட்டைதான் அண்ணா! வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் பாத்திக் பூவேலைச் சட்டை, அந்தத் துறையில் எனக்கும் சேர்த்துக் கொடுத்த பாத்திக்கோ இளஞ்சிவப்பு, அது குடுவைக் கண்ணாடியில் தெரிய, கேமரா ஏமாந்திருக்கிறது.

தேர்வன்று எனக்குத் தந்த வெள்ளைத் தின்பண்டப் பெட்டியைக் காலிசெய்து, அதிலிருந்த லெம்பர் என்ற ஒட்டரிசி உருண்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெட்டியில் துளை வெட்டிக் குடுவையை உள்ளே வைத்தேன். இளஞ்சிவப்புத் தேர்வாளர்கள் எவ்வளவு குனிந்து பார்த்தும் இயந்திரம் சரியான சொட்டில்தான் நின்றது.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் துஆ.

தங்கள் தம்பி,
ஹர்தோனோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் வெனிங் இதை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னாள்: "சட்டைதான்னு எனக்கு முதல் வெள்ளிக்கிழமையே தெரியும் சித்தப்பா. அன்னிக்கே சரி பண்ணிட்டேன். நீங்க வர்றப்ப மட்டும் பழைய புரோகிராமைப் போட்டுடுவேன். ரிட்டையர் ஆனதுலேர்ந்து நீங்க வாசலைத் தாண்டலை. இது சரியாயிடுச்சுன்னா மறுபடி போய் உக்காந்துக்குவீங்களே."

ஆகவே நான் கண்டுபிடித்ததாக மேலே எழுதியதை அடித்துவிடவும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழை பெய்தால் இயந்திரம் முரண்டு பிடிக்கிறதாம், காரணம் தெரியவில்லை என்கிறாள். திங்கட்கிழமை குடையோடு போகிறேன்.