மைக் சிஸ்டரின் ஏரிக்கரை வாக்கிங்

புதுச்சேரியில் மெதுவாகப் பேசவே தெரியாத ஆள் யார் என்று போட்டி வைத்தால், முதல் மூன்று பரிசையும் மைக் சிஸ்டரிடமே கொடுத்துவிட்டு நடுவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவார்கள். பாகூரில் அவர் "அடுத்த ஆளு வாங்க" என்றால், கடலூரில் யாரோ ஒருவர் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொள்வார்.

ஏரியை ஒட்டியிருந்த சின்ன சுகாதார நிலையம் ஒன்றில் அவர் சீனியர் நர்ஸ். நான் வாசல் கவுன்ட்டரில் சீட்டு எழுதும் கிளார்க். அவருக்கு அழகான சொந்தப் பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டில் தினமும் பார்ப்பேன். ஆனால் டாக்டரிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் மைக் சிஸ்டர்தான். தன் குரல் பெரிது என்று மட்டும் அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. "நான் மெதுவாத்தானே பேசுறேன், இந்தப் பல்லி ஏன்பா இப்புடி ஓடுது?" என்று நிஜமாகவே ஆச்சரியப்படுவார்.

இந்தத் தொண்டையிடம் போய் மேலிடம் ஒப்படைத்த வேலை எது தெரியுமா? மனநலப் பிரிவு! மாதத்தில் ஒரு புதன்கிழமை டவுனிலிருந்து மனநல டாக்டர் வருவார். மனசு சரியில்லாதவர்கள், அறிவு வளர்ச்சி தாமதமான பிள்ளைகள் எல்லோருக்கும் சுற்றுவட்டாரத்தில் அந்த ஒரு நாள்தான் கதி. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பது ஈ எறும்புக்குக்கூடத் தெரியக் கூடாது. வெண்கலக் கடைக்கு யானையையே முதலாளியாக்கிய மாதிரி ஆயிற்று.

முதல் புதன்கிழமை ஒரு இளம்பெண் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தாள். சிஸ்டர் மூலை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். தனக்குத் தெரிந்த பரம ரகசியமான குரலில் கேட்டார்.

"ராத்திரில தூக்கம் வருதாம்மா?"

எதிர்ப்பக்கம் மருந்து வாங்க நின்ற வரிசை மொத்தமும் பதில் சொன்னது. "வருது சிஸ்டர்!"

வரிசையின் கடைசியில் நின்ற தாத்தா மட்டும், "ரெண்டு தடவ ஒன்னுக்குப் போவ எழுந்துக்கறேன், மத்தபடி வருது" என்று விளக்கம் கொடுத்தார். அந்தப் பெண் பின்வாசல் வழியாகப் போனவள்தான். அடுத்த மாதமும் வரவில்லை.

நாங்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிஸ்டர் சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடி வைத்தார். "அந்தப் பொண்ணு மாத்திரைய நிறுத்திட்டா இன்னாபா ஆவுறது? என் வாயாலதான வந்துச்சு" என்று என்னிடம் தனியாகப் புலம்பினார். அந்தத் தனிப் புலம்பலையும் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் செய்யாத முயற்சி இல்லை. வாயில் இரண்டு மாஸ்க் போட்டுப் பார்த்தார். மேஜை விசிறியை முழு வேகத்தில் வைத்துப் பார்த்தார்; விசிறிதான் தோற்றது. கேள்விகளைச் சிலேட்டில் எழுதிக் காட்டினார். எதிரில் இருந்தவருக்குப் படிக்கத் தெரியவில்லை. கடைசியில் ஒரு காலையில் வந்து அறிவித்தார்.

"என் குரல்ல ஒன்னும் கோளாறு இல்ல. ரூம்புதான் சின்னது. பெரிய ரூம்பு ஒன்னு பாத்துட்டேன்."

அவர் பார்த்த பெரிய ரூம், பாகூர் ஏரி.

மதகுக்குப் பக்கத்தில் ஒரு புங்க மரம். அதனடியில் டாக்டருக்கு மேஜை, நாற்காலி. காத்திருப்பவர்களுக்கு அங்கேயே பெஞ்சு. சிஸ்டர் ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரை மேல் அரை மைல் நடந்து, அந்தக் கோடியில் நின்று பேசுவார். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் நெல் வயல். கேட்பதற்கு நாரைகள் மட்டும்தான். டவுனிலிருந்து வரும் இளம் டாக்டருக்கும் அறைப் புழுக்கத்திலிருந்து விடுதலை. ஊரில் இதற்கு "புதன்கிழமை வாக்கிங்" என்று பெயர் விழுந்துவிட்டது. மனநல டாக்டரிடம் மருமகளை அனுப்புவதா என்று குதித்த மாமியார்களே, "வாக்கிங்தான, போய்ட்டு வா, ஒடம்புக்கு நல்லது" என்று அனுப்பினார்கள். முந்தானைப் பெண்ணும் மூன்றாம் மாதம் வந்தாள். இந்த முறை முகத்தை மூடவில்லை.

அதோடு விட்டாரா? ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் அம்மாக்காரி அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள், அங்கன்வாடிக்கு ஒரு நாள், ஊனச் சான்றிதழுக்கு ஒரு நாள், மாத்திரைக்கு ஒரு நாள் என்று அலைந்துகொண்டிருந்தாள். சிஸ்டர் இந்த எல்லா ஆபீஸ்காரர்களையும் புதன்கிழமை மரத்தடிக்கு வரச் சொன்னார். கடிதம் எழுதவில்லை, ஆஸ்பத்திரி கேட்டில் நின்று கூப்பிட்டார். வந்துவிட்டார்கள்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். "அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல" என்று யார் வாயிலிருந்து வருகிறதோ, அவர் அன்றைக்கு எல்லோருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும். முதல் மாதம் பள்ளிக்கூடத்துச் சிறப்பு ஆசிரியை வாங்கினார். அடுத்த மாதம் மருந்துக்காரர் ஒரே கூட்டத்தில் இரண்டு முறை மாட்டினார். ஐந்தாம் மாதம் போண்டாவே கிடைக்கவில்லை. "எல்லாரும் திருந்திட்டீங்க, எனக்குப் பசிக்குது" என்று சிஸ்டரே காசு கொடுத்து வாங்கி வரச் சொன்னார்.

இங்கே கரும்புக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏழெட்டு ஏக்கர் கரும்பும் விறைப்பான மீசையும் உள்ளவர். சுகருக்கு நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னதால், புது வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு ஒரு புதன்கிழமை ஏரிக்கரைக்கு வந்தார். வாக்கிங் என்றால் வாக்கிங் என்றுதான் நினைத்தார். சிஸ்டரோ புது பேஷண்ட் என்று நினைத்துக் கூடவே நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"எத்தினி வருசமா?"

"எட்டு வருசமா சிஸ்டர். எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு."

"மாத்திரை?"

"காலைல ஒன்னு, ராத்திரி ஒன்னு."

"தூக்கம்?"

கரும்புக்காரர் நடையை வேகமாக்கினாராம். அந்தக் கோடி வந்ததும், வீட்டுக்காரம்மா தவறிப்போன நாளிலிருந்து தூக்கமே இல்லை என்று ஆரம்பித்திருக்கிறார். திரும்பி வரும்போது வெள்ளை ஷூ முழுக்கச் செம்மண், கண்கள் அதைவிடச் சிவப்பு. இது சுகர்காரர்கள் கூட்டம் இல்லை என்று மரத்தடியில் யாரோ விளக்கினார்கள். மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார். பிறகு கேட்டார், "அடுத்த மாசம் எத்தினி மணிக்குப்பா ஆரம்பிக்கறீங்க?" இதையெல்லாம் சிஸ்டர் சொல்லி எனக்குத் தெரியாது, பின்னாளில் கரும்புக்காரரே ஊரெல்லாம் சொன்னது.

இப்போது என் வண்டவாளத்துக்கு வருகிறேன். பூரணாங்குப்பத்தில் என் வீட்டில் எனக்கு ஒரு தம்பி இருந்தான். பெயர் குமார். வயது இருபதைத் தாண்டியும் மனசு ஐந்து வயதில் நின்றுவிட்ட பிள்ளை. "ஒனக்குக் கல்யாணம் ஆவுற வரைக்கும் வெளிய சொல்லாத" என்றாள் அம்மா. கல்யாணம் ஆனது, மகளும் பிறந்தாள். "வெளிய சொல்லாத" மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அவன் சந்தோஷம் வந்தால் உரக்கக் கத்துவான். தெருவுக்குக் கேட்குமே என்று நாங்கள் மாறி மாறி "ஷ்ஷ்" என்போம். ஆபீஸில் கேட்டால் நான் ஒரே பிள்ளை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சீட்டு எழுதின இந்தக் கைக்கு அவனுக்கு ஒரு சீட்டு எழுதத் துப்பில்லை. சான்றிதழ் இல்லை, பயிற்சி இல்லை, ஒரு டாக்டர்கூட அவனைப் பார்த்ததில்லை.

ஒருநாள் சிஸ்டரிடம் வாயை விட்டேன். "என் ஃபிரண்டோட தம்பி ஒருத்தன் இருக்கான் சிஸ்டர்..."

அவர் என்னைப் பார்த்தார். எந்த ஃபிரண்ட் என்று கேட்கவில்லை. அந்த மாதப் புதன்கிழமை காலையில் என் மேஜையில் மடித்த துண்டுச்சீட்டு ஒன்று இருந்தது. டோக்கன் எண் ஒன்று. கீழே, "உங்க ஃபிரண்டுக்கு." சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த மாதமும் இருந்தது. அதற்கடுத்த மாதமும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மைக் சிஸ்டர் பேசவில்லை! பதினோரு சீட்டு சேர்ந்தும் நான் குமாரைக் கூட்டிவரவில்லை.

பன்னிரண்டாவது சீட்டு வந்த புதன்கிழமை, டவுனிலிருந்து பெரிய அதிகாரி அம்மா ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். கூட்டம் குறைவான மனநலப் பிரிவுகளை டவுனோடு சேர்த்துவிடுவது என்று மேலே முடிவாம். மூலை அறையைத் திறந்தார். உள்ளே ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது.

"பதிவேட்டுல முப்பத்தோரு பேர் இருக்கு. ஆளுங்க எங்க?"

"ஏரிக்கரையில மேடம்."

"குளிக்கவா?"

கூட்டிப் போனேன். எங்களைக் கண்டதும் மரத்தடியில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். அதிகாரி அம்மா கெட்டவர் இல்லை, கணக்குக்குப் பொறுப்பானவர். "சும்மா நடக்க வந்தவங்களையும் பேஷண்ட்னு எழுதியிருக்கீங்களோன்னு சந்தேகம் வருது. இதுல யார் யார் பேஷண்ட்? சொல்லுங்க சிஸ்டர், இப்பவே எழுதிக்கறேன்" என்றார்.

பிரிவு டவுனுக்குப் போனால் இதில் பாதிப் பேர் இரண்டு பஸ் மாறிப் போக மாட்டார்கள், மாத்திரை நின்றுவிடும் என்பது சிஸ்டருக்குத் தெரியும். முப்பத்தோரு பெயருக்கு உரிய முகமும் அவருக்கு மனப்பாடம். வாயைத் திறந்தால் போதும்.

சிஸ்டர் ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்றார் அதிகாரி அம்மா. மைக் சிஸ்டரைப் பார்த்து உலகத்தில் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டது அதுவே முதல் முறை.

"அத நான் சொல்லக் கூடாது மேடம். அவங்களாத்தான் சொல்லணும்."

வாக்கிங் வந்தவர்கள் எல்லோரும் வாக்கிங் வந்தவர்களாகவே நின்றார்கள். அதிகாரி அம்மா பேனாவை மூடினார்.

அப்போதுதான் வெள்ளை ஷூ ஒன்று முன்னால் வந்தது. "எழுதிக்கோங்கமா. நான் பேஷண்ட்டு. எனக்கு சுகரும் இருக்குது, துக்கமும் இருக்குது. ரெண்டுக்கும் மாத்திரை சாப்புடுறேன். இப்ப ராத்திரில தூங்குறேன்" என்றார் கரும்புக்காரர். அந்த முந்தானைப் பெண் கையைத் தூக்கினாள். அப்புறம் ஒரு கை, இன்னொரு கை.

என் வலது கை என்னைக் கேட்காமல் சட்டைப் பைக்குள் போயிற்று. அன்றைய சீட்டை எடுத்து நீட்டினேன். "மேடம், என் தம்பிக்கும் இங்க டோக்கன் இருக்கு. ஒரு வருஷமா இருக்கு. நான்தான் கூட்டிட்டு வரல."

சொல்லி முடித்ததும் கண் கலங்கிவிட்டது. சிஸ்டரின் தொண்டை அந்த நொடியில் பழைய நிலைக்குத் திரும்பியது.

"அப்பறம் இன்னாபா நின்னுக்கினு இருக்கே? வூட்டுக்குப் போய் இட்டுக்கினு வா!"

ஏரியில் இருந்த நாரைகள் மொத்தமும் எழும்பின.

மொபெட்டை விரட்டிப் போய்க் குமாரை அழைத்து வந்தேன். டாக்டர் போகாமல் இருந்தார். அதிகாரி அம்மாவும் போகவில்லை. அவ்வளவு பெரிய தண்ணீரைக் குமார் பார்த்ததே இல்லை. பார்த்ததும் "ஏஏய்" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான். பழக்க தோஷம், நான் "ஷ்ஷ்" என்றேன்.

"அவன ஏன்பா அடக்குறே?" என்ற சிஸ்டர், ஏரியைப் பார்த்து அவனைவிடப் பெரிதாக "ஏஏய்" என்றார். குமார் திடுக்கிட்டுத் திரும்பினான். தன் அளவுக்குப் பேசத் தெரிந்த ஒரு மனுஷியை வாழ்க்கையில் முதல் முறையாகக் கண்டுபிடித்த முகம் அது. கைதட்டிச் சிரித்தான். இரண்டு பேரும் மாறி மாறிக் கத்திக்கொண்டே அரை மைல் நடந்தார்கள். அதிகாரி அம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

பிரிவு டவுனுக்குப் போகவில்லை. இப்போது மாதம் இரண்டு புதன்கிழமை. அந்தப் பூனை படுத்திருந்த அறையில், குமார் மாதிரி வளர்ந்த பிள்ளைகளுக்கு வேலைப் பயிற்சி நடக்கிறது. கரும்பு நாற்றுக்கான குழித்தட்டில் தென்னை நார்க் கழிவை நிரப்புவதில் குமாரை அடிக்க ஆளில்லை. தட்டுகள் கரும்புக்காரர் வயலுக்குப் போகின்றன. பூனைதான் இடம் மாற வேண்டியதாயிற்று.

சிஸ்டர் ஓய்வு பெற்று ஒதியம்பட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். புதன்கிழமை தவறாமல், நான் வேலை முடிந்து பஸ்ஸில் வரும் நேரமாகப் பார்த்து போன் செய்வார். ஸ்பீக்கர் போட வேண்டிய அவசியமே இல்லை.

"குமாரு இன்னா பண்றான்? சாப்ட்டானா?"

டிரைவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். ஆரம்பத்தில் சத்தத்தைக் குறைக்கும் பட்டனைத் தேடுவேன். இப்போது தேடுவதில்லை. போன வாரம் பக்கத்து சீட்டுக்காரர் காதைத் தேய்த்துக்கொண்டே, "யாருங்க அந்தக் குமாரு?" என்று கேட்டார்.

"என் தம்பி" என்றேன், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.