லோடு அண்ணாச்சியின் ஞாயிறு டெஸ்ட்

மனிதர்களை அவர்களுடைய எடைக்காகவே நேசித்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, இராஜாக்கமங்கலம் லோடு அண்ணாச்சிதான். ஊரில் யார் என்னைப் பார்த்தாலும், "பிள்ளே, கொஞ்சம் மெலியப்பிடாதா?" என்பார்கள். அண்ணாச்சி மட்டும் பதறிப்போய், "மக்கா, நீ மெலிஞ்சிராத கேட்டியா!" என்பார். இப்படிப்பட்ட மனுஷனைப் பிடிக்காமல் போகுமா?

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் வீட்டில் ஆளில்லை. மனைவி தவறிப்போனார். மகள்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில். மாடி வைத்த பெரிய வீட்டில் அண்ணாச்சியும் ஒரு டிவியும்தான் குடித்தனம். செய்தி வாசிக்கிற பெண்ணிடம் அவர், "சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்டதை ஜன்னல் வழியாக என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

பாதி ஆயுசை வளைகுடாவில் நீள நீளமான டிரெய்லர் ஓட்டிக் கழித்தவர். ஊருக்கு வந்தால் கை சும்மா இருக்குமா? பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, பின்னால் மாட்டி இழுக்க ஒரு டிரெய்லரையும் செய்துவிட்டார். உடைந்த ஃபைபர் வள்ளங்களைக் கடற்கரையிலிருந்து பழுது பார்க்கும் இடத்துக்கு இழுத்துப் போவது திட்டம். முதல் வள்ளத்தை ஏற்றி, டிரெய்லரைக் கொக்கியில் மாட்டியதும், பிக்கப்பின் பின்பக்கம் அடைகாக்கிற கோழி மாதிரி அமுங்கி உட்கார்ந்துவிட்டது. முன்பக்கம் தூக்கிக்கொண்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி யோசித்து யோசித்துத் திரும்பியது. விளக்கைப் போட்டால் ரோடெல்லாம் இருட்டு, தென்னை மரத்துக் குலை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, பின்சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்கும் இரும்புப் பட்டை போதாது என்றார். பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தாயிற்று. சேர்த்தால் போதுமா, பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டாமா? அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகிறோம், கோயில் வாசலில் பிக்கப்போடு நிற்கிறார் அண்ணாச்சி.

"மக்களே, லோடு டெஸ்ட் ஆக்கும்! எல்லாரும் ஏறுங்க. வட்டக்கோட்டை வரை ஒரு நடை. சாயாவும் பழம்பொரியும் எனக்க வக."

பழம்பொரி என்றதும் கோயில் பங்குச் சனத்தில் பாதி ஏறிவிட்டது. ஆனால் கண்ட இடத்தில் உட்கார முடியாது. அண்ணாச்சி ஆளை மேலும் கீழும் பார்த்து இடம் ஒதுக்குவார். மீன் விற்கிற கிளாராக்காவைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே!

"கிளாரா, நீ கடைசியில கொக்கிப் பக்கம் இரி. டிரெய்லருக்க மூக்கு வந்து அமுக்கியது அங்கயாக்கும். நல்ல கனமுள்ள ஆளு வேணும்."

"என்னைய நிறுக்கியதுக்கு நான் என்ன நெய்மீனா அண்ணாச்சி?" என்று சீறினார் கிளாராக்கா. சீறினாலும் கொக்கிப் பக்கம்தான் போய் உட்கார்ந்தார். கோயிலில் ஞானோபதேசம் சொல்லித் தரும் ஒல்லியான உபதேசியார் ஏற வந்தபோது அண்ணாச்சி ரொம்ப மரியாதையாக, "நீங்க இரியுங்க, ஆனா கணக்குல சேராது" என்றார். பாவம், உபதேசியார் அன்றைக்குப் பழம்பொரி இரண்டு கூடுதலாகத் தின்றார்.

சக்கரத்துக்கு மேலே டேப் வைத்து ஆள் ஏறுமுன் ஒரு அளவு, ஏறியபின் ஒரு அளவு. கொஞ்சம் அமுங்குகிறது என்று அடுத்த வாரம் இன்னொரு பட்டை. அப்புறம் ரப்பர் கட்டை. அப்புறம் காற்று அடைக்கிற பை. ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட், ஒவ்வொரு டெஸ்டுக்கும் வட்டக்கோட்டை. வழியெல்லாம் பாட்டும் சண்டையும் ஊர்க்கதையும்தான். வண்டி எப்போதோ யானையைத் தாங்கும் அளவுக்குத் தயாராகிவிட்டது. டிரெய்லர் மட்டும் வீட்டுப் பின்பக்கம் கிடந்தது. அதன்மேல் பூசணிக்கொடி படர்ந்து காயும் காய்த்துவிட்டது. அண்ணாச்சிக்கு வேண்டியது வள்ளம் அல்ல, ஞாயிற்றுக்கிழமை. எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒருநாள் தோவாளையில் பூ வாங்க அவரோடு தனியே அதே வண்டியில் போனேன். ஐயோ, என் மாதாவே! அத்தனை பட்டை போட்ட வண்டி காலியாக ஓடினால் என்ன ஆகும்? ஒவ்வொரு குழிக்கும் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. என் தலை கூரையில் இடித்தது, கொண்டை அவிழ்ந்தது.

"அண்ணாச்சி, வாரத்துல ஆறுநாள் இப்படியா போறீங்க?"

"வெறும் வண்டி அப்படித்தான் மக்கா. ஆளு ஏறினா அடங்கிரும்" என்றார். ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

வினை அந்த மெக்கானிக் ரூபத்தில் வந்தது. ஒரு ஞாயிறு கோயில் வாசலுக்கே வந்து, எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்டார்: "அண்ணாச்சி, இதுக்கு எதுக்கு இத்தனை ஆளு? மணல் மூட்டை போட்டா போதும்லா! ஆளு அசையும், சிரிக்கும், ஒரு பக்கமா சாயும். மூட்டை அசையாது."

நியாயமான பேச்சுதான். அந்த நியாயத்தைத் தூக்கிக் கடலில் போட வேண்டும் போல இருந்தது எனக்கு. அண்ணாச்சி திருடிப் பிடிபட்டவர் மாதிரி நின்றார். "அது செரிதான்... உங்களுக்கெல்லாம் வெறும் சிரமம்" என்று முனகிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பிக்கப் நிறைய மணல் மூட்டை. கோயில் வாசலைத் தாண்டிப் போகும்போது எங்களைப் பார்த்துக் கைமட்டும் காட்டினார். துள்ளாமல், கொள்ளாமல் வண்டி அழகாகப் போனது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"எய்யா, நிறுத்துங்க அண்ணாச்சி!"

கிளாராக்காதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி, கொக்கிப் பக்கம் ஏறி, மூட்டைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே நான், உபதேசியார், பாதிப் பங்கு.

"ஏட்டி, மூட்டை இருக்குல்லா! ஓவர் லோடு ஆயிரும்!"

"ஆவட்டும். உங்க மூட்டை சாயா குடிக்குமா? ஊர்க்கதை சொல்லுமா?" என்றார் கிளாராக்கா.

பின்பக்கம் கிறீச்சென்று அமுங்கியது. அண்ணாச்சி இறங்கி வந்து டேப்பை வைத்தார். குனிந்தவர் ரொம்ப நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"டெஸ்ட் ஃபெயிலு மக்களே" என்றார். "அடுத்த ஞாயிறும் வரணும்."

நான் இப்போது நாகர்கோவிலில் குடியிருக்கிறேன். ஞாயிறு ஆனால் பஸ் ஏறி இராஜாக்கமங்கலம் போய்விடுவேன். மாதா முன்னால் முழங்கால் போட்டு எனக்கென்று எதுவும் கேட்பதில்லை. அண்ணாச்சி வண்டி ஒருநாளும் பாஸ் ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான் என் செபம்.